சேலஞ்ச் காயின்: பித்தளையில் அடிப்பதா, ஜிங்க்கில் வார்ப்பதா, படம் அச்சிடுவதா?

அமெரிக்க ராணுவத்தில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளிடமிருந்து, அதிலும் புதிதாக லெப்டினென்ட் ஆனவர்களிடமிருந்து, எனக்கு வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "யூனிட்டுக்குப் புது காயின் அடிக்கணும்னு பொறுப்பை என் தலையில கட்டிட்டாங்க. மூணு கம்பெனி மூணு விலை சொல்றாங்க. எதை எடுக்கிறது?" அங்கேயே பிறந்து வளர்ந்து படையில் சேர்ந்தவர்கள் கேட்கிறார்கள். குடியுரிமை இல்லாதவர்களையும் மொழித் திறனுக்காகப் படையில் சேர்த்த மாவ்னி திட்டம் 2009-ல் தொடங்கியது, அதன் தேவை மொழிகள் பட்டியலில் தமிழும் இருந்தது, அந்த வழியாகச் சேர்ந்தவர்களும் கேட்கிறார்கள். அவர்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கு: சேலஞ்ச் காயின் என்பது கடையில் செல்லும் நாணயமல்ல, படைப்பிரிவின் சின்னம் பொறித்து வீரர்களுக்குக் கொடுக்கும் உலோக வட்டு.

கம்பெனிகள் அனுப்பும் மாதிரிப் படம் கணினித் திரையில் எப்போதும் அழகாகவே இருக்கும். மூன்று முறைகளுக்கும் அதே படத்தைத்தான் அனுப்புவார்கள், அதனால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. காயின் கையில் வந்து, சட்டைப்பையில் ஒரு வருஷம் புரண்ட பிறகுதான் எது எப்படி என்று தெரியும். ஆகவே என் ஒப்பீடு முழுக்க அந்த ஒரு வருஷத்தை மனதில் வைத்துத்தான்.

## முதலில், இது எப்படிப் புழங்குகிறது

காயின் கொடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. தளபதி காயினைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கைகுலுக்குவார். பெறுபவரின் கைக்கு அது அப்படியே மாறும். ராபர்ட் கேட்ஸ் பாதுகாப்புச் செயலர் பதவியிலிருந்து விலகுவதற்கு முன், 2011 ஜூனில் ஆப்கானிஸ்தான் போனபோது வீரர்களுக்கு ஒவ்வொருவராக இப்படித்தான் கொடுத்தார். வாங்குபவர் அதைப் பார்ப்பதற்கு முன்பே தொட்டுவிடுகிறார். கனமும் விளிம்பும்தான் அவருக்கு முதலில் தெரிகின்றன.

அடுத்து, காயின் செக். ஒருவர் தன் காயினை மேசையில் தட்டி வைத்தால் அங்கே இருக்கும் எல்லோரும் தங்களுடையதை எடுத்துக் காட்ட வேண்டும். இல்லாதவர் எல்லோருக்கும் பானம் வாங்கித் தர வேண்டும். எல்லோரிடமும் இருந்துவிட்டால் சவால் விட்டவர் செலவு. கை தவறி காயின் கீழே விழுந்தாலும் பல இடங்களில் அது சவாலாகவே கணக்கு. ஓட்டை போட்டுச் சாவி வளையத்தில் மாட்டியதும், பெல்ட் பக்கிளில் பதித்ததும் பெரும்பாலான விதிகளில் செல்லாது. கழுத்தில் சிறு பையில் தொங்கவிட்டிருந்தால் செல்லும். விதிகள் யூனிட்டுக்கு யூனிட் மாறும், ஆனால் காயின் எப்போதும் உடம்போடு இருக்க வேண்டும் என்பது மாறாது.

இதன் தொடக்கம் பற்றி எல்லோரும் சொல்லும் கதை முதல் உலகப் போர் காலத்தது. ஒரு பணக்கார அமெரிக்க விமானி தன் படைப்பிரிவுக்கு வெண்கலத்தில் பதக்கம் அடித்துக் கொடுத்தார். அதில் ஒன்றைக் கழுத்துப் பையில் வைத்திருந்த விமானி ஜெர்மானியர்களிடம் சிக்கித் தப்பி, பிரெஞ்சு எல்லைக்காவலில் உளவாளி என்று சுடப்பட இருந்தபோது அந்தப் பதக்கம்தான் அவரைக் காப்பாற்றியது என்பார்கள். ஆவணம் எதுவும் இல்லாத கதை. கொரியப் போரில் 17-வது காலாட்படை ரெஜிமென்ட் எருமைச் சின்னத்தோடு காயின் வைத்திருந்ததும், 1960-களில் 10-வது சிறப்புப் படைக்குழு தனக்கென்று காயின் அடித்ததும் உறுதியான தடயங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் பார்ப்பவை ஐந்து. ஒன்று, காயின் பையில் இருக்கப்போகிறதா, மேசை ரேக்கில் நிற்கப்போகிறதா. இரண்டு, கையில் கனம். மூன்று, உங்கள் படம் எப்படிப்பட்டது: புடைப்பாக நிற்கும் கழுகும் கேடயமுமா, தட்டையான வண்ணச் சின்னமா, அல்லது புகைப்படமா. நான்கு, எத்தனை வேண்டும், மறுபடி அடிப்பீர்களா. ஐந்து, எத்தனை நாள் இருக்கிறது.

விலையை நான் ஆறாவதாகத்தான் வைப்பேன். முதல் ஐந்துக்கும் பதில் தெரியாமல் விலைப்பட்டியலைப் பார்த்தால் எப்போதும் மலிவானதுதான் சரி என்று தோன்றும்.

## பித்தளையில் அடிப்பது

எஃகு அச்சில் படத்தைக் குடைந்து, பதப்படுத்தி மிருதுவாக்கிய பித்தளை அல்லது செப்பு வட்டத்தை இடையில் வைத்து, நூறு டன்னுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் ஒரே அடி. ஆழமான புடைப்பு வேண்டுமென்றால் நடுவில் மறுபடி சூடுபடுத்தி இரண்டு மூன்று தடவை அடிப்பார்கள். உலோகம் உருகுவதில்லை, நெரிபட்டு அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிறைகிறது. அதனால்தான் கழுகின் இறகில் ஒவ்வொரு கோடும் கூர்மையாக வரும்.

கனத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 44 மில்லிமீட்டர் விட்டம், 3 மில்லிமீட்டர் தடிமன் என்பது பரவலான அளவு. பித்தளையில் அது கிட்டத்தட்ட 39 கிராம், அதாவது ஏறக்குறைய ஏழு அமெரிக்க குவார்ட்டர் (25 சென்ட்) நாணயங்களின் எடை. அதே அளவு ஜிங்க்கில் 30 கிராம் வரும். ஒன்பது கிராம்தானே என்று தோன்றும். இரண்டையும் இரண்டு உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவீர்கள். மேசையில் தட்டும்போது வரும் ஓசையும் வேறு. பித்தளை கணீரென்று ஒலிக்கும், ஜிங்க் கொஞ்சம் மந்தமாகக் கேட்கும்.

தேய்மானத்தில்தான் பித்தளையின் உண்மையான பெருமை. முலாம் போனாலும் உள்ளே இருப்பது மஞ்சள் உலோகம்தான். வருஷக்கணக்கில் பையில் இருந்த காயினில் கழுகின் மார்பும் நட்சத்திரங்களின் முனையும் வழுவழுப்பாகிப் பளபளக்கும், பள்ளங்களில் கருமை தங்கியிருக்கும். அந்தத் தோற்றத்துக்காகவே பழைய காயின்களைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள்.

மறைந்திருக்கும் செலவு: அச்சுக்கூலி. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி அச்சு, வட்டமல்லாத வடிவம் என்றால் வெட்டும் அச்சும் தனி. நடுவில் துளையிட்ட வடிவங்கள் வேண்டுமென்றால் ஒவ்வொரு துளைக்கும் கூலி ஏறும். அனுப்பும் எடையும் உண்டு: 300 காயின் என்றால் பன்னிரண்டு கிலோவுக்குப் பக்கத்தில். வெளிநாட்டுத் தளத்துக்கு விமானத்தில் அனுப்பினால் இது சின்னத் தொகையில்லை.

எப்போது இதுவே சரி: யூனிட்டின் நிரந்தர காயின், தளபதி கையால் கொடுக்கும் காயின், எண் பொறித்துத் தரும் காயின், காயின் செக்குக்காகத் தினமும் தூக்கிச் சுமக்கப்போகும் காயின்.

## ஜிங்க் கலவையில் வார்ப்பது

400 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டிலேயே உருகும் ஜிங்க் கலவையை அச்சுக்குள் செலுத்தி ஆறவைத்து எடுப்பது. வடிவத்தில் இதற்கு எல்லையே இல்லை. கப்பல் உருவம், வீரர்கள் கழுத்தில் மாட்டும் டாக் டேக் வடிவம், பாட்டில் திறப்பான், உள்ளே வெட்டிவிட்ட இடைவெளிகள் எல்லாம் ஒரே வார்ப்பில் வந்துவிடும். பித்தளையில் இதெல்லாம் ஒவ்வொன்றும் தனி வேலை.

இங்கே ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: எஃகு அச்சில் அழுத்தி வார்க்கிறீர்களா, ரப்பர் அச்சைச் சுழற்றி வார்க்கிறீர்களா? இரண்டையும் ஒரே பெயரில் விற்பார்கள். ரப்பர் அச்சு மலிவு, சீக்கிரம் தயாராகும். ஆனால் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகும். சில நூறு காயின்களுக்குள் எழுத்தின் ஓரங்கள் மழுங்கத் தொடங்கும். முதலில் வந்த காயினையும் கடைசியில் வந்த காயினையும் பக்கத்தில் வைத்தால் ஒரே யூனிட்டுடையதா என்று கேட்கத் தோன்றும்.

மறைந்திருக்கும் செலவு முலாமில் இருக்கிறது. வார்ப்பில் நுண்ணிய காற்றுக் குமிழிகள் மாட்டிக்கொள்ளும். முலாம் பூசியபின் அந்த இடத்தில் சில மாதங்களில் கொப்புளம் எழும், கொப்புளம் உடைந்தால் அடியில் சாம்பல் நிற ஜிங்க் தெரியும். தங்க நிறக் காயினின் விளிம்பில் சாம்பல் புள்ளி விழுந்தால் அதை மறைக்க வழியில்லை. வியர்வை படும் பையில் இது இன்னும் சீக்கிரம். கையில் எடுத்ததும் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள், வார்ப்பின் தையல்கோடு தட்டுப்பட்டால் சரியாக ராவவில்லை என்று அர்த்தம்.

எப்போது இதுவே சரி: வடிவம்தான் செய்தி என்றால். ஒரு கப்பலின் கடற்பயணம் முடிந்ததற்கு அந்தக் கப்பல் உருவத்திலேயே காயின் வேண்டும் என்றால் தயங்காமல் ஜிங்க் எடுங்கள். ஆனால் பாட்டில் திறப்பான் வடிவத்தைக் காயின் செக்கில் ஏற்காத இடங்கள் உண்டு. முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

## படம் அச்சிட்டு எபாக்சி பூசுவது

உலோக வட்டத்தின் மேல் வண்ணப் படத்தை அச்சிட்டு, மேலே தெளிந்த எபாக்சியை, அதாவது இறுகிக் கெட்டியாகும் பிசினை, ஊற்றி மூடுவது. முகங்கள், சூரிய அஸ்தமனம், விமானத்தின் புகைப்படம் போன்ற நிறம் கரைந்து மாறும் படங்களுக்கு வேறு வழியே இல்லை. எனாமலில், அதாவது பள்ளத்தில் நிரப்பிச் சுடும் வண்ணத்தில், ஒவ்வொரு நிறத்துக்கும் உலோக வேலி தேவை, வானத்துக்கு வேலி போட முடியாது.

நாளும் குறைவு, விலையும் குறைவு. ஆனால் வெயிலில் எபாக்சி மஞ்சளாகும். சாவியோடு ஒரே பையில் போட்டால் கோடு விழுந்து மங்கும். கீழே விழுந்தால் ஓரத்தில் பெயர்ந்து வரும். தொட்டால் பிளாஸ்டிக்தான் விரலில் படும், புடைப்பு எதுவும் படாது. பெட்டிக்குள் இருக்கும்வரை நன்றாக இருக்கும்.

எப்போது இதுவே சரி: குடும்ப நாள் விழா, ஓய்வு பெறுபவரின் படம் போட்ட நினைவுப் பரிசு, மறைந்த தோழரின் முகம் தெரிய வேண்டும் என்று அவர் வீட்டார் விரும்பும் நினைவு காயின். கடைசியாகச் சொன்னதற்கு ஒரு பக்கம் பித்தளைப் புடைப்பு, மறுபக்கம் அச்சுப்படம் என்று கலந்து செய்யலாம். படப்பக்கத்தைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் உயர விளிம்பு விடச் சொல்லுங்கள், மேசையில் வைத்தாலும் எபாக்சி உரசாது.

## ஒரே பார்வையில்

| | பித்தளை அடிப்பு | ஜிங்க் வார்ப்பு | அச்சுப்படம் |
|---|---|---|---|
| 44 மி.மீ., 3 மி.மீ. காயின் எடை | சுமார் 39 கிராம் | சுமார் 30 கிராம் | அடி உலோகத்தைப் பொறுத்து |
| நுணுக்கம் | மிகக் கூர்மை | அச்சைப் பொறுத்து | புகைப்படம்வரை, ஆனால் தட்டை |
| விசித்திர வடிவம் | செலவு கூடும் | எளிது | அடி உலோகத்தைப் பொறுத்து |
| பையில் வருஷக்கணக்கில் | அழகாகத் தேயும் | கொப்புளம், சாம்பல் புள்ளி | கோடு, மஞ்சள், பெயர்தல் |
| மறுபடி அடிக்க | எஃகு அச்சு நீடிக்கும் | ரப்பர் அச்சு என்றால் புதிதாக | எளிது |
| பொருத்தமான இடம் | யூனிட், தளபதி காயின் | கப்பல், பயண நினைவு | விழா, முகம் உள்ள நினைவு |

## எனாமல், முலாம், விளிம்பு

உலோகத்தை முடிவு செய்தபின் வரும் இந்தச் சின்னத் தேர்வுகளில்தான் நிறைய காயின்கள் கெட்டுப்போகின்றன.

சாஃப்ட் எனாமல் என்பது முலாம் பூசியபின் பள்ளத்தில் வண்ணம் நிரப்பிச் சுடுவது. வண்ணம் உலோகக் கோட்டைவிடத் தாழ்ந்திருக்கும், அதனால் உரசல் கோட்டின் மேல் விழும், வண்ணம் தப்பிக்கும். ஹார்டு எனாமல் வண்ணத்தை நிரப்பிச் சுட்டு, கோட்டோடு சமமாக அரைத்து, அப்புறம்தான் முலாம். தொட்டால் கண்ணாடிபோல் சமதளம். பார்க்க நகைபோல் இருக்கும், ஆனால் அரைப்பதால் புடைப்பு உருவம் சாத்தியமில்லை, எல்லாக் கோடும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். முப்பரிமாணக் கழுகும் ஹார்டு எனாமலும் ஒரே பக்கத்தில் வேண்டும் என்று கேட்காதீர்கள். ஒரு பக்கம் ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம்.

என் விருப்பத்தைக் கேட்டால், தினமும் சுமக்கும் காயினுக்கு எவ்வளவு குறைவான வண்ணமோ அவ்வளவு நல்லது. ஒரு பக்கம் வண்ணச் சின்னம், மறுபக்கம் வெறும் உலோகம். அந்த வெறும் பக்கம்தான் பத்து வருஷத்துக்குப் பிறகும் நன்றாக இருக்கும்.

முலாமில் பளபளக்கும் தங்க நிறம் கொடுக்கும் நாளில் கண்ணைப் பறிக்கும். ஆனால் அது ஒரு மைக்ரானுக்கும் குறைந்த படலம், ஒவ்வொரு கீறலும் தெரியும். ஆன்டிக் பித்தளையும் ஆன்டிக் வெள்ளியும் வேறு மாதிரி: முலாமின் மேல் கருமை ஏற்றி, மேடுகளை மட்டும் தேய்த்து எடுப்பார்கள். காயின் பையில் தேய்வதும் அதே மேடுகளில்தான், அதனால் தேய்மானம் குறையாகத் தெரிவதில்லை. கறுப்பு முலாம் படத்தில் மிரட்டலாக இருக்கும், விளிம்பில் முதலில் உரிவதும் அதுதான்.

விளிம்பில் கயிறு முறுக்கு, வைர வெட்டு என்று பலவகை உண்டு. ஆழமான வைர வெட்டு கால்சட்டைப் பையைக் கிழிக்கும், படத்துக்கான இடத்தையும் தின்னும். வரிசை எண் பொறிக்க வேண்டுமென்றால் விளிம்பை வெறுமையாக விட்டு அங்கே பொறிக்கச் சொல்லலாம்.

எழுத்தைப் பற்றி ஒன்று. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த உயரத்தில் எழுத்து வைத்தால் மூடிய வட்டமுள்ள எழுத்துகளின் உட்புறம் எனாமலில் அடைத்துவிடும். யூனிட்டின் முழக்கம் நீளமாக இருந்தால் விளிம்போரம் சுற்றி எழுதுங்கள், நடுவில் மூன்று வரியாகத் திணிக்க வேண்டாம்.

## விலைப்பட்டியலில் தெரியாதவை

காயின் ஒன்றுக்கு இவ்வளவு என்ற எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட்டால் ஏமாறுவோம். ஒரு உதாரணம்: அச்சுக்கூலி 200 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 காயின் அடித்தால் ஒவ்வொன்றின் மேலும் 4 டாலர் ஏறும், 400 அடித்தால் அரை டாலர். ஆகவே சிறு எண்ணிக்கைக்குப் பித்தளை வீண் என்று தோன்றும். ஆனால் அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும் அதே காயினை அடிக்கப்போகிறீர்கள் என்றால் அச்சு ஒரு முறைச் செலவுதான்.

அளவு கூட்டினால் எடை எப்படி ஏறுகிறது என்பதையும் கவனியுங்கள். 44-லிருந்து 50 மில்லிமீட்டருக்குப் போனால் பித்தளையில் 39 கிராம் 50 கிராம் ஆகிறது. 50 மில்லிமீட்டர் காயின் கொடுக்கும்போது கம்பீரம்தான், ஆனால் யாரும் தினமும் சுமப்பதில்லை, மேசை இழுப்பறையில் தங்கிவிடுகிறது. 38 மில்லிமீட்டர் என்பது பழைய மார்கன் வெள்ளி டாலரின் அளவு. சுமப்பதற்கு என்றால் அதுவும் 44-ம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது.

சின்னங்களுக்கு அனுமதி என்று ஒரு விஷயமும் இருக்கிறது. கழுகு, பூகோளம், நங்கூரம் கொண்ட மரீன் படைச் சின்னம் பதிவுபெற்ற வணிகச் சின்னம், அதைப் போட்டு விற்கப்போகிறவர்களுக்கு உரிமம் வேண்டும். படைகளின் அதிகாரபூர்வ முத்திரைகளை வெளியார் எடுத்துப் போட முடியாது. முன்னாள் வீரர் சங்கமோ குடும்பமோ அடிப்பதாக இருந்தால் ஆர்டர் கொடுக்கும் முன் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். யூனிட்டே அடிப்பதாக இருந்தால், அரசுப் பணமா, வீரர்கள் போட்ட சந்தாவா என்பதைப் பொறுத்து யாருக்குக் கொடுக்கலாம் என்ற விதி மாறும், சட்ட அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

## சேகரிப்பவர்களுக்கு

கேள்வி கேட்பவர்களில் சிலர் அடிக்கப்போவதில்லை, சேகரிக்கிறார்கள். அவர்களுக்கும் மேலே சொன்ன வரிசையே பொருந்தும்: விளிம்பில் எண் பொறித்த பித்தளை முதலில், மற்றவை பிறகு. அதிபர் முத்திரை போட்டுக் கடையில் விற்கும் காயினும், அதிபர் கையால் கொடுத்த காயினும் ஒன்றல்ல. யார், எங்கே, எப்போது கொடுத்தார் என்ற ஒரு வரியைக் காகிதத்தில் எழுதிக் காயினோடு வைத்துவிடுங்கள், அந்த வரி இல்லாவிட்டால் அது வெறும் உலோகத் தகடாகிவிடும்.

மென்மையான பிவிசி உறைகளில் போட்டு வைக்காதீர்கள். அதிலிருந்து கசிவது செப்பிலும் பித்தளையிலும் பச்சைப் பிசுக்காகப் படியும். அக்ரிலிக் வட்டப் பெட்டி போதும். பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்க்கவே கூடாது. முலாமும் போகும், ஆன்டிக் கருமையும் போகும்.

## ஆர்டர் கொடுக்கும் முன்

நாள் இருந்தால் ஒரே ஒரு காயினை முன்மாதிரியாக அடித்து அனுப்பச் சொல்லுங்கள். புகைப்படம் போதாது. வந்ததும் ஒரு வாரம் சாவிகளோடு பையில் போட்டுச் சுற்றுங்கள், மேசையில் நான்கு தடவை தட்டுங்கள், ஒரு முறை சிமெண்ட் தரையில் போடுங்கள். அப்புறம் எனாமல் ஓரங்களையும் விளிம்பையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அச்சு யாருக்குச் சொந்தம், எத்தனை வருஷம் வைத்திருப்பார்கள், இன்னொரு தொழிற்சாலைக்கு மாற்றித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். இரண்டு வருஷத்தில் நீங்கள் வேறு தளத்துக்கு மாறிப் போயிருப்பீர்கள், அடுத்த லெப்டினென்ட்டுக்கு அந்தக் காகிதம் தேவைப்படும்.